ஓட்டுப் போட மாட்டோம் என்ற தெரு

எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர், கட்சிகளும் இரண்டு. பெரியப்பா கதர்ச் சட்டை. அப்பா கரை வேட்டி. ஒரே கூடத்தில் எதிரெதிர்ச் சுவரில் அவரவர் தலைவர் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள். சாப்பிட உட்காரும்போது பெரியப்பா தம் தலைவரைப் பார்த்த மாதிரியும், அப்பா தம் தலைவரைப் பார்த்த மாதிரியும் உட்காருவார்கள். சாம்பார் முடிவதற்குள் ஒரு சண்டை தொடங்கி, மோருக்கு வரும்போது தணிந்துவிடும். அம்மா இதற்காகவே ரசத்தைச் சீக்கிரம் கொண்டுவருவாள் என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், பெரியப்பாவுக்கு இளையவள். கணவரை இழந்தபின் எங்களோடு வந்துவிட்டவள்.

வெளியில்தான் இந்தச் சண்டை. உள்ளே அண்ணன் தம்பி அவ்வளவு ஒற்றுமை. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்தின் உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்தபோது, திருவையாற்றுப் பக்கம் இருந்த நஞ்சையைப் பெரியப்பா வீட்டில் உள்ள எல்லார் பேரிலும் பிரித்து எழுதினார். அப்பா பேரில் கொஞ்சம், அத்தை பேரில் கொஞ்சம், தொட்டிலில் கிடந்த என் தம்பி பேரில்கூடக் கொஞ்சம். சட்டத்தைக் கொண்டுவந்தது அப்பாவின் கட்சி. அதிலிருந்து தப்பிக்க முதல் கையெழுத்துப் போட்டதும் அப்பாதான். "அண்ணன் நெலம் வேற, கொள்கை வேற" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வார். என் பேரிலும் ஒரு துண்டு இருந்ததாம். உடைந்த சிலேட்டுக்கு மாற்று வாங்கித் தரச் சொல்லி அழுதுகொண்டிருந்த காலத்தில் நான் ஒரு மிராசுதார் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

தஞ்சாவூரில் வடவாற்றை ஒட்டி இருந்தது எங்கள் தெரு. நெல் மண்டிகள் நிறைந்த தெரு. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து ஒரு மண்டி வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனி. கீழே கடைமடை ஊர்களில் கூலித் தகராறு முற்றிப்போய், குடிசையையும் வேலையையும் இழந்து வந்தவர்கள் அங்கே குடியேறியிருந்தார்கள். விடிந்ததும் பாலத்தைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வருவார்கள். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள், பெண்கள் நெல் தூற்றுவார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போவார்கள். எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் முனிசிபல் தேர்தல் வந்தது. எங்கள் தெருவும் காலனியும் ஒரே வார்டு. வழக்கமாக எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. அந்த வருஷ ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்து ஓடுகள் சரிந்து விழுந்துவிட்டதால், எங்களை ஒரு மண்டியின் கிடங்கில் உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே சாவடியைக் காலனியில் புதிதாகக் கட்டியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டதாக அறிவிப்பு வந்தது.

அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. சாம்பார் முடிந்து ரசம் வந்தது, ரசம் முடிந்து மோர் வந்தது. சண்டையே வரவில்லை.

"அங்க போயி வரிசையில நிக்கிறதா? நடக்கிற காரியமா இது?" என்றார் பெரியப்பா.

"நீங்க சொல்றது சரிண்ணே" என்றார் அப்பா.

அம்மா மோர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா இந்த வாக்கியத்தைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

தெரு ஆண்கள் எல்லாரும் மண்டியில் கூடிப் பேசினார்கள். இரண்டு கட்சிக்காரர்கள், கட்சியே இல்லாதவர்கள், எல்லாரும் ஒரே குரல். சாவடியை இந்தப் பக்கம் மாற்றாவிட்டால் எங்கள் தெருவில் ஒரு ஓட்டும் விழாது. அதிகாரிக்கு மனு போயிற்று. காரணம், பாலம் பழுதடைந்திருக்கிறது. பெண்களும் வயதானவர்களும் கடப்பது ஆபத்து. பாலம் விழப்போகிறது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். நெல் ஏற்றிய வண்டிகள் அந்தப் பாலத்தின்மேல் வரிசையாகப் போவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். மாடுகளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா என்று அப்பாவிடம் கேட்டேன். போய்ப் படி என்றார். காரணம் பாலம்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் அப்பா மேடை ஏறினால் சாதி ஒழிப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். கைதட்டலும் அதற்குத்தான் பலமாக வரும்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. வேட்பாளர்கள்தான் ஓடி வந்தார்கள். அப்பாவின் கட்சி சார்பில் நின்றவர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, கொள்கையை எலெக்‌ஷன் முடிஞ்சதும் வெச்சுக்கலாம்ணே. இப்ப வந்து ஓட்டைப் போட்டுருங்க."

"தெரு கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குல்ல? எல்லாரும் நின்னா நானும் நிப்பேன்" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கட்சி வேட்பாளர் ஒரு வயதான வக்கீல். அவருக்கும் அதே பதில்தான். மூன்றாவதாக நின்றவர் நர்ஸம்மா. காலனிக்காரர். முனிசிபல் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றவர். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில்தான் பிறந்தார்கள். தம்பி பிறந்தபோது அம்மா பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரே கைவிரித்ததாகவும், நர்ஸம்மா இரண்டு நாள் வீட்டுக்கே போகாமல் கட்டில் பக்கத்தில் இருந்ததாகவும் அத்தை சொல்வாள். கட்சி எதுவும் இல்லை, குடைச் சின்னம். மைக் இல்லை, வண்டி இல்லை. நாலைந்து பெண்களோடு ஒருநாள் மாலை எங்கள் தெருவுக்கு வந்து, தெருவில் நின்றபடியே, "தெருக்குழாய்க்கு ரெண்டு வேளை தண்ணி வர வெக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் விடியுமுன் எழுந்து குழாயடியில் குடம் போட்டு இடம் பிடிப்பது அம்மாதான். பெரியப்பாவோ அப்பாவோ அல்ல.

ஓட்டு நாள் வந்தது. நல்ல வெயில். மண்டிகளை அடைத்துவிட்டு, தெரு முனையில் இருந்த எங்கள் மண்டி வாசலில் ஆண்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். யாரும் பாலத்துப் பக்கம் போய்விடக் கூடாதே என்று காவல். காவலுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்கச் சீட்டுக்கட்டு. காபி கிளப்பிலிருந்து பூரியும் கிழங்கும் வாங்கி வந்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பத்து மணி வாக்கில் அத்தை கூடத்துக்கு வந்து, "ஆத்தங்கரை மாரியம்மனுக்கு வெளக்குப் போடப் போறோம்" என்று பொதுவாக அறிவித்தாள். கோயில் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். அம்மா கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் அரக்குப் பட்டைக் கட்டியிருந்தாள். விளக்குப் போட எதற்கு இந்தப் பட்டு என்று நான் கேட்க வாயெடுத்தபோது, தம்பியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். வெயிலுக்குப் பெரியப்பாவின் பெரிய கறுப்புக் குடையை அத்தை எடுத்துக்கொண்டாள். அதன் துணியில் பெரியப்பாவின் முதலெழுத்தை வெள்ளை நூலில் தைத்திருக்கும். வீதிக்கு வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடை, எதிர் வீட்டிலிருந்து இரண்டு குடை. தெருவில் உள்ள பெண்கள் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே நேரத்தில் மாரியம்மன் மேல் பக்தி வந்திருந்தது.

மண்டியைத் தாண்டும்போது பெரியப்பா சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கும் சேத்து வேண்டிக்க" என்றார்.

"எல்லாருக்குமாத்தான் அண்ணே" என்றாள் அத்தை.

கோயில் வந்தது. யாரும் நிற்கவில்லை. அத்தை நடந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "வர்றப்ப பாத்துக்கலாம் தாயே" என்றாள். அடுத்து பாலம். தம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒரு கால் வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. இரண்டு தடவை குதித்தும் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

"பாலம் விழுந்துருமாம்மா?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எதிர் வீட்டு மாமி, "நம்ம எடையைத் தாங்கும்னு நெனைக்கிறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் இப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அவர்களைப் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு கான்ஸ்டபிள் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"குடையெல்லாம் உள்ள வரக் கூடாது."

"ஏன்? வெயில் அடிக்குதே" என்றாள் அத்தை.

"குடை சின்னம்மா. சின்னத்தைச் சாவடிக்குள்ள கொண்டுவந்தா பிரச்சாரம்."

"இது சின்னம் இல்ல, எங்க அண்ணன் குடை. அவரு வேற கட்சி."

"குடைக்கு அதெல்லாம் தெரியுமாம்மா?" என்றார் அவர் பரிதாபமாக.

கடைசியில் குடைகளை எல்லாம் பாலத்து முனையில் இருந்த பூவரச மரத்தடியில் விரித்தபடியே வைத்துவிட்டு வந்தார்கள். அத்தையின் குடைதான் எல்லாவற்றுக்கும் மேலே தெரிந்தது. ஒருத்தி ஓட்டுப் போட்டுவிட்டு வந்ததும் தன் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அடுத்தவளை அனுப்புவது என்றும் பேசி வைத்திருந்தார்கள். வீட்டில் நாத்தனார் இருந்தால் ஓரகத்தி வருவது, மாமியார் திரும்பிப் போனால் மருமகள் வருவது என்று எல்லாம் ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இத்தனையும் குழாயடியில் பேசி முடிவானதாம்.

பெண்கள் வரிசையில் காலனிப் பெண்கள் ஏற்கெனவே நீளமாக நின்றிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றுபோயிற்று. வரிசையின் கடைசியில் நின்றது அஞ்சலை. எங்கள் மண்டியில் நெல் தூற்றுபவள். அவள் சட்டென்று ஒதுங்கி, "நீங்க முன்னால போங்கம்மா" என்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்களும் விலகத் தொடங்கினார்கள். அப்படியே வரிசை பிளந்து, வாசல்படி வரை எங்களுக்கு வழி விட்டது.

அம்மா அசையவில்லை. அவள் காதோரம் வேர்வை வழிந்தது.

"வேண்டாம் அஞ்சலை. முன்னால வந்தவங்க முன்னால போங்க" என்றாள்.

"வெயில்ல நிக்கிறீங்களேம்மா."

"நீயும்தானே நிக்கிறே."

அஞ்சலை அம்மாவையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல வரிசைக்குள் வந்து, அம்மாவுக்கு முன்னால், முதுகைக் காட்டக் கூச்சப்பட்டவளாக ஒருக்களித்து நின்றுகொண்டாள். பிளந்த வரிசை கூடிற்று. கொஞ்ச நேரத்தில் யாரோ தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். யாரோ அத்தையிடம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்கள். வரிசை நகர ஆரம்பித்தபோது எல்லாரும் எல்லாரிடமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வெளியே வந்தபோது விரலைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டு, மை வைத்த இடத்தையே பார்த்தபடி வந்தாள். முந்தைய தேர்தல்களில், தெருவிலேயே இருந்த சாவடிக்குக்கூடக் கட்சிக்காரர்கள் குதிரை வண்டி வைத்து அழைத்துப்போவார்கள். எதில் முத்திரை குத்த வேண்டும் என்று அப்பா வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுவார். நடந்து போய், யாரும் எதுவும் சொல்லாமல் அவள் போட்ட முதல் ஓட்டு அது.

தம்பிக்குப் பசி வந்து வீறிட்டான். அத்தை இன்னும் உள்ளே இருந்தாள். அம்மா, அஞ்சலையிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தவள், பெரியப்பாவின் குடையை என்னிடம் கொடுத்து, "நீ முன்னால போ, வந்துட்டேன்" என்றாள். இடுப்பில் தம்பி, தலைக்கு மேல் என்னைவிடப் பெரிய குடை. இப்படியாக நான் பாலத்தைத் தாண்டி மண்டி வாசலுக்கு வந்தேன்.

பெரியப்பா சீட்டைப் பிரித்து விசிறிக்கொண்டிருந்தார். "என்ன, கோயில்ல நல்ல கூட்டமா?"

"கோயிலுக்குப் போகல பெரியப்பா. எல்லாரும் ஓட்டுப் போடப் போனோம்."

யாரோ பூரியைப் பாதி மென்றபடி நிறுத்தினார்கள். அப்பா எழுந்து நின்றார்.

"எல்லாருமா? யாரு யாரு?"

நான் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வீடு வீடாகச் சொன்னேன். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னேன். ஒவ்வொரு வீட்டைச் சொல்லும்போதும் ஒவ்வொருவர் சீட்டைக் கீழே வைத்தார்.

"அம்மா யாருக்குப் போட்டா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா. தட்டி கட்டி மறைச்சிருந்தாங்க."

அதன்பிறகு நடந்ததை நான் தம்பியின் அழுகைக்கு நடுவில் பார்த்தேன். எல்லாருடைய முகத்திலும் கணக்கு ஓடியது. என் அம்மா அப்பாவின் கட்சிக்குத்தான் போட்டிருப்பாள் என்று பெரியப்பா நினைத்திருக்க வேண்டும். அத்தை பெரியப்பா சொல்லைத் தட்டமாட்டாள் என்பது அப்பாவின் கவலையாக இருந்திருக்க வேண்டும். பெரியப்பாதான் முதலில் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சும்மா ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வரேன். புழுக்கமா இருக்கு."

"நானும் வரேண்ணே" என்றார் அப்பா.

"நீ எதுக்கு? மண்டிய யாரு பாத்துக்கறது?"

"அடைச்ச மண்டிய என்னத்தப் பாத்துக்கறது?"

இரண்டு பேரும் கிளம்பினார்கள். முதலில் நடை. பத்தடி போனதும் வேக நடை. பின்னாலேயே மற்றவர்களுக்கும் புழுக்கம் எடுத்துவிட்டது. பாய் மட்டும் வாசலில் கிடந்தது. ஜவுளிக்கடைக்காரர் எங்கிருந்தோ சைக்கிளில் வந்து, பாலத்தின் மேல் போகும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, சைக்கிளைக் கீழே போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் கும்பிட்டார். ஆண்கள் வரிசையில் எங்கள் மண்டியில் மூட்டை தூக்குபவர்களுக்குப் பின்னால் பெரியப்பாவும், அவருக்குப் பின்னால் அப்பாவும் நின்றார்கள் என்று அத்தை வந்து சொன்னாள். வழி விட்டார்களா என்று அம்மா கேட்டாள். விட்டார்களாம். ஆனால் பக்கத்து வரிசையில் எதிர் வீட்டு மாமி நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், "பரவால்ல, பரவால்ல" என்று பெரியப்பா அவர்களை முன்பிருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அந்தத் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓட்டு விழுந்ததில்லை. படுக்கையில் கிடந்தவரைக்கூட நாற்காலியோடு தூக்கிப் போயிருந்தார்கள். மாலையில் வீட்டுக்கு வீடு ஒரே விசாரணை.

"யாருக்குடி போட்டே?" என்று அப்பா கேட்டார்.

"நீங்க எப்பவும் சொல்றதுதானே?" என்றாள் அம்மா, மாவரைத்துக்கொண்டே.

அத்தையிடம் பெரியப்பா கேட்டார். "கண்ணு எங்கண்ணே தெரியுது? தடவிப் பாத்துக் குத்தினேன். உன் சின்னமாத்தான் இருக்கும்" என்றாள். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஏறக்குறைய இதே பதில்கள்தான். நானும் அவற்றை அப்படியே நம்பினேன். ஆகவே, ஓட்டு எண்ணிக்கை முடிந்து நர்ஸம்மா ஜெயித்துவிட்டார் என்று செய்தி வந்தபோது, எண்ணினவர்களுக்குக் கணக்குச் சரியாக வராது என்று முடிவு செய்தேன். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். "உங்க ஆளுங்கதான் காலை வாரிட்டாங்க" என்று அன்றைக்குச் சாம்பாரிலேயே சண்டை தொடங்கியது. அம்மா ரசத்தைக் கொண்டுவர அவசரப்படவே இல்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸம்மா நன்றி சொல்ல எங்கள் தெருவுக்கு வந்தார். கழுத்தில் மாலை இல்லை, வெள்ளைப் புடவைதான். போன தடவை போலவே தெருவில் நின்றபடி கும்பிட்டார். அப்பாவும் பெரியப்பாவும் கூடத்தில் இருந்தார்கள். ஜெயித்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது இரண்டு கட்சிகளுக்கும் வழக்கம்தான். ஆனாலும் வாய் திறக்க இரண்டு பேருக்கும் நேரம் பிடித்தது. அதற்குள் அம்மா வாசலுக்குப் போய்விட்டாள்.

"உள்ள வாங்க நர்ஸம்மா" என்றாள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "வாங்க வாங்க" என்று எழுந்தார். பெரியப்பாவும் எழுந்து, நாற்காலியைக் காட்டினார். நர்ஸம்மா அதன் நுனியில் உட்கார்ந்து, அம்மாவிடம் தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பல்லு முளைச்சிருச்சே" என்றார். அம்மா உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். நாங்கள் எல்லாரும் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளரில்தான் கொண்டுவந்தாள்.

நர்ஸம்மா டம்ளரை வாங்கினார். வாங்கியவர் குடிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காலண்டரைப் பார்த்தார், பெரியப்பா தரையைப் பார்த்தார். அம்மா மட்டும் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

காபி ரொம்பச் சூடாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் அடுப்படியிலிருந்து அதே மாதிரி இன்னொரு டம்ளரை எடுத்து வந்து நீட்டினேன்.

"ஆத்திக் குடிங்க" என்றேன்.